கணவர் திருப்பெயரால் ஒரு கற்றளி!

சிவாலயத்துக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கொடிமரத்தடியில் நமஸ்கரித்து, நந்தியெம்பெருமானிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, உள்ளே போய் சுவாமியைக் கண்குளிரத் தரிசிக்கிறோம். விபூதிப் பிரசாதத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு பிரதட்சிணம் கிளம்புகிறோம். தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி. வியாழக்கிழமையாக இருந்தால் மஞ்சள் வஸ்திரமும் கொண்டைக்கடலை மாலையுமாக ஜொலிப்பார். கருவறைக்குப் பின்னால் லிங்கோத்பவர். வடக்கே பிரம்மா, அவரைத் தாண்டினால் துர்கை. செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில் அவள் எதிரே எலுமிச்சம்பழ விளக்குகளுக்கு இடம் கிடைப்பதே கஷ்டம்! பிறகு சண்டிகேஸ்வரர் முன்னால் கைகளைத் துடைத்துக் காட்டி, 'சிவன் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லையப்பா' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து உட்காருகிறோம்.

இந்தச் சுற்றில், தெற்குச் சுவரிலேயே தட்சிணாமூர்த்திக்கு முன்பாக இன்னும் சிலர் நிற்பார்கள். பிள்ளையாரைப் பார்த்ததும் குட்டிக்கொள்கிறோம். அவருக்குப் பக்கத்திலேயே ஒரு மாடத்தில், ஒரு காலைத் தூக்கியபடி ஆடிக்கொண்டிருக்கிறாரே நடராஜர், அவரைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் கமண்டலத்தோடு குள்ளமாக நிற்கும் அகத்திய முனிவரை? பாதிப் பேர் பார்ப்பதேயில்லை. தட்சிணாமூர்த்தியிடம் போய்ச் சேரும் அவசரம்!

சோழ நாட்டுக் கோயில்களின் சுவரில் இந்த மூர்த்தங்களையெல்லாம் இப்படி நிறைத்து வைத்த பெருமை ஒரு பெண்மணியைச் சேரும். மாலையும் கழுத்துமாக அரண்மனையில் வீற்றிருந்த காலத்தில் அல்ல. கணவரை இழந்து, கையில் சின்னக் குழந்தையோடு நின்ற காலத்துக்குப் பிறகு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்த திருப்பணி அது. செம்பியன் மாதேவி என்பது அவருடைய திருநாமம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். கதையை விட்டுவிடுங்கள். கல்வெட்டுகளில் இருக்கும் செம்பியன் மாதேவியைத் தரிசிக்க வேண்டுமானால், அதற்குச் சரியான க்ஷேத்திரம் திருநல்லம். இன்றைக்குக் கோனேரிராஜபுரம் என்று பெயர். மயிலாடுதுறை மாவட்டத்தில், வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்.

மழவரையர் மகள்

மழநாட்டுச் சிற்றரசர் மழவரையரின் மகளாகப் பிறந்து, சோழர் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் அவர். கைப்பிடித்தவர் முதலாம் பராந்தக சோழரின் மகன் கண்டராதித்தர். ராஜாவாக இருந்தாலும் மனம் முழுக்கச் சிவபெருமானிடம். தில்லைக் கூத்தப்பெருமான் மேல் கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அரியணையில் இருந்தவர் ஒருவரின் பாட்டு திருமுறையில் ஏறுவது சாதாரண விஷயமா? தம்பதியரின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

மாமனார் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 941-ஆம் ஆண்டு வாக்கில், திருச்சியை அடுத்த உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலுக்குக் கொடை கொடுத்தவராக மாதேவியாரின் பெயர் கல்வெட்டில் வந்துவிடுகிறது. இளம் மருமகளாக இருந்தபோதே கொடுக்கும் கை!

கண்டராதித்தரின் காலம் 957-ஆம் ஆண்டோடு முடிந்துபோனது. கல்வெட்டு ஒன்று அவரை 'மேற்கெழுந்தருளிய தேவர்' என்று சொல்கிறது. மேற்றிசை நோக்கி யாத்திரை போய்விட்டார் என்று சிலர் பொருள் சொல்வார்கள். சிவபதம் அடைந்ததைத்தான் அப்படி மரியாதையாகச் சொன்னார்கள் என்பார்கள் வேறு சிலர். எப்படியானாலும், மாதேவியார் தனித்து நின்றார். பிள்ளை உத்தம சோழன் அப்போது சிறு குழந்தை. அரசு, கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்குப் போய், அவருக்குப் பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்குப் போயிற்று.

இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே சோழர் வீட்டில், சில ஆண்டுகள் கழித்து, சுந்தர சோழர் மறைந்தபோது அவருடைய தேவி வானவன் மாதேவி உடன்கட்டை ஏறிவிட்டார். ராஜராஜ சோழனைப் பெற்ற தாயார் அவர்! பால்மணம் மாறாத குழந்தையை விட்டுவிட்டுப் போனார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகச் சொல்கிறது. ஒரே குடும்பத்தில் இரண்டு தேவியர். ஒருவர் கணவரோடு போனார். இன்னொருவர் இருந்தார். இருந்து என்ன செய்தார் என்பதுதான் நம் விஷயம்.

கணவரை இழந்த பெண்ணை நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்காதே, ஓரமாகப் போ என்று சொல்லும் வழக்கம் இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. பெற்ற மகளின் கல்யாணத்தில் மணமேடைக்கு வரத் தயங்கி, தூணுக்குப் பின்னால் நிற்கும் தாயார்களை நாம் பார்த்ததில்லையா? செம்பியன் மாதேவியார் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. ஊர் ஊராகப் போய்த் தூண்களையே நாட்டினார்!

செங்கல் கோயில் கல்லானது

சம்பந்தரும் அப்பரும் திருநல்லத்துக்கு வந்து பதிகம் பாடியது 7-ஆம் நூற்றாண்டில். அந்நாளில் சோழ நாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை செங்கல்லும் மண்ணும் மரமுமாக இருந்தவை. காவிரிக் கரையில் எங்கே தோண்டினாலும் வண்டல் மண்தான் வரும். பாறை கிடையாது. வெள்ளம் வந்தால் சுவர் கரையும். ஆல், அரசு முளைத்தால் விமானம் பிளக்கும். நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தக் கோயில்களைக் கருங்கல்லாலே எடுப்பித்தார் மாதேவியார். கல்லால் ஆன கோயிலுக்குக் 'கற்றளி' என்று பெயர். கல்லைத் தொலைதூரத்துப் பாறைகளிலிருந்து வெட்டி, வண்டி கட்டி இழுத்து வர வேண்டும். லாரியும் கிரேனும் இல்லாத காலம். திருநல்லம், ஆடுதுறை என்கிற தென்குரங்காடுதுறை, குத்தாலம், திருக்கோடிகா, திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி, விருத்தாசலம் என்று பட்டியல் நீளும். 'இந்தக் கோயிலுக்கெல்லாம் போயிருக்கிறோமே!' என்று சொல்வீர்கள். ஆமாம், கல்யாணம் கூடி வரத் திருமணஞ்சேரிக்குப் போகாத வீடு உண்டா? அங்கே போய் மாலை வாங்கி வரும் பெண்களில் எத்தனை பேருக்கு இந்த அம்மையாரின் பெயர் தெரிந்திருக்கும்?

பாடல் பெற்ற தலங்களை அவர் விசேஷமாகத் தேடியெடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். நாயன்மார்கள் கால்பட்ட இடம் கரைந்துபோய்விடக் கூடாது என்கிற தவிப்பு அது. கணவர் பாட்டாகப் பாடினார்; மனைவி கல்லாகப் பாடினார் என்றே எனக்குத் தோன்றும்.

திருநல்லம்

சுவாமி உமாமகேஸ்வரர். அம்பாள் அங்கவளநாயகி, தேகசுந்தரி என்றும் அழைப்பார்கள். பூமாதேவி பூஜித்த தலம் என்பதால் பூமீச்சுரம் என்றொரு பெயரும் உண்டு. புரூரவ மகாராஜா சரும நோயால் அவதிப்பட்டு, எந்த வைத்தியத்துக்கும் கேளாமல், தலம் தலமாகச் சுற்றிக் கடைசியில் இங்கே வந்து குணமடைந்தார் என்கிறது தலபுராணம். நன்றிக்கடனாக விமானத்துக்குப் பொன் வேய்ந்து, வைகாசி விசாகத் திருவிழாவும் நடத்தி வைத்தாராம். அந்த நோய் தீர்த்த சுவாமி, வைத்தியநாதர் என்ற பெயரில் தனிச் சந்நிதி கொண்டிருக்கிறார். உடல் உபாதைகளோடு வருகிறவர்கள் அங்கே அர்ச்சனை செய்துகொள்கிறார்கள்.

மகன் உத்தம சோழன் அரியணை ஏறிய பிறகு, 970-களில், மாதேவியார் இந்தக் கோயிலைக் கற்றளியாக்கினார். யார் பெயரில் தெரியுமா? கணவர் பெயரில்!

கோயிலின் தென்புறத்தில், ஒரு சிற்பம் இருக்கிறது. சிவலிங்கத்தின் முன்னே மன்னர் ஒருவர் வழிபட்டபடி அமர்ந்திருக்கிறார். ஆர்ப்பாட்டமான சிற்பம் அல்ல. அவசரமாகச் சுற்றினால் கண்ணில்கூடப் படாது. ஆனால், அதன் கீழே உள்ள கல்வெட்டைப் படித்தால் மெய்சிலிர்க்கும். உத்தம சோழ தேவர் ஆட்சி செய்தருளும் காலத்தில், கண்டராதித்த தேவரின் தேவியார் செம்பியன் மாதேவியார், கண்டராதித்த தேவர் திருநாமத்தால் திருநல்லமுடையார் கோயிலைக் கல்லால் எழுந்தருளுவித்தார். இது திருநல்லமுடையார் திருவடியைத் தொழுகின்றவராகச் செய்த கண்டராதித்த தேவரின் உருவம் என்பது அதன் சாரம்.

கணவர் மறைந்து இருபது ஆண்டு ஆகப்போகிறது அப்போது. அவர் முகம் ஜனங்களுக்கு மறந்துபோயிருக்கும். மகனுக்கே அப்பாவின் முகம் நினைவிருந்திருக்குமோ என்னவோ! அவருக்குப் பின் இரண்டு பேர் அரசாண்டுவிட்டார்கள். அந்த நிலையில் அவரைப் போர்க்கோலத்தில் நிறுத்தவில்லை, வாளும் கொடுக்கவில்லை. அவர் உயிராய் மதித்த காரியத்தைச் செய்தபடியே, சிவபூஜையிலேயே, என்றென்றைக்கும் உட்கார வைத்துவிட்டார். வீட்டுக் கூடத்தில் படம் மாட்டி, தினமும் ஒரு பூ வைப்போமே... ஒரு மகாராணி அதைச் செய்த விதம் இது.

இன்னொரு கல்வெட்டும் இங்கே உண்டு. மாதேவியாரின் ஆணைப்படி இந்த ஸ்ரீவிமானத்தை எடுத்தவர் ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபத்தன். ஹரசரணசேகரன் என்பது அவருடைய மற்றொரு பெயர். சிவபெருமானின் திருவடியைத் தலையில் சூடியவன் என்று அர்த்தம். அவருக்கு 'ராஜகேசரி மூவேந்தவேளான்' என்ற பட்டம் தந்து கௌரவித்திருக்கிறார்கள். எத்தனையோ பெரிய கோயில்களில், கட்டியவர் யார் என்றே தெரியாமல் நாம் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறோம். இங்கே, ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் வேலையை முன்னின்று நடத்தியவரின் ஊரும் பேரும் கல்லில் இருக்கிறது. அடுத்தவரின் உழைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாத அம்மையார்.

சுவரைப் படிப்பது எப்படி?

இனி, கட்டட அமைப்புக்கு வருவோம். பயந்துவிடாதீர்கள், சிற்ப சாஸ்திரம் முழுக்கச் சொல்லப் போவதில்லை. அடுத்த முறை பிரதட்சிணம் வரும்போது தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும்.

விமானத்தை ஒரு திருமேனியாகவே பாவிப்பது நம் மரபு. கீழே இருக்கும் அடித்தளம் 'அதிஷ்டானம்'. அது பாதங்களைத் தாங்கும் பீடம். அதன் மேல் எழும் சுவர்ப்பகுதிக்கு 'பாதம்' என்றே பெயர். சுவருக்கு மேலே கூரை விளிம்புபோல் வளைந்து வருவது 'பிரஸ்தரம்'. தோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே 'கிரீவம்' - கழுத்து. பிறகு 'சிகரம்' - தலை. உச்சியில் கலசம்போல் இருக்கும் 'ஸ்தூபி', குடுமி. ஆறு அங்கங்கள் என்பதால் ஷடங்க விமானம் என்பார்கள். கோபுரத்தையும் விமானத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாசலில் இருப்பது கோபுரம்; சுவாமியின் தலைக்கு மேலே இருப்பது விமானம்.

சுவரிலே இரண்டு அரைத் தூண்களுக்கு நடுவே குடைந்திருக்கும் மாடத்துக்குத் தேவகோஷ்டம் என்று பெயர். அதில் இருப்பவர்கள் கோஷ்ட மூர்த்திகள். முற்காலச் சோழர் கோயில்களில் கருவறையின் மூன்று பக்கத்துக்கும் ஒவ்வொரு மாடம். முன்னால் உள்ள அர்த்த மண்டபத்தின் இரு பக்கமும் பிள்ளையாருக்கும் துர்கைக்கும் ஒவ்வொன்று. அநேகமாக அவ்வளவோடு சரி. செம்பியன் மாதேவியார் கட்டிய கோயில்களில்தான் அர்த்த மண்டபச் சுவரும் நிறைய ஆரம்பித்தது. பொதுவாக, தெற்கே பிள்ளையார், நடராஜர், அகத்தியர். வடக்கே துர்கை, அர்த்தநாரீஸ்வரர், பிட்சாடனர். ஒரு சுற்று சுற்றி வந்தால் சிவபெருமானின் லீலைகள் அத்தனையும் கண்முன் வந்துவிடும். ஏடு படிக்கத் தெரியாதவளும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவளும், 'இதோ பார், அம்மையும் அப்பனும் ஒரே உடம்பாக இருக்கிறார்கள்' என்று சொல்லிக்கொடுக்க ஒரு சுவர்!

அந்த நடராஜர் விஷயத்துக்கு வருகிறேன். தெற்குக் கோஷ்டத்தில் ஆனந்தத் தாண்டவ மூர்த்தியைத் தவறாமல் வைக்கும் பழக்கம் மாதேவியாரின் கோயில்களில்தான் வேரூன்றியது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். கண்டராதித்தர் உருகி உருகிப் பாடியது யாரை? தில்லைக் கூத்தனை! கணவரின் இஷ்ட தெய்வத்தை ஊர் ஊராகச் சுவரில் ஆட வைத்துவிட்டார் மனைவி. கல்வெட்டு எதுவும் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

வெந்நீர் கேட்காத விருந்தாளிகள்

திருநல்லத்தின் நடராஜர் என்றாலே கோஷ்டத்து மூர்த்தியைவிட, உள்ளே பஞ்சலோகத்தில் ஓங்கி நிற்கும் மூர்த்திதான் எல்லோர் நினைவுக்கும் வருவார். உலகிலேயே பெரிய பஞ்சலோக நடராஜர் இவரே என்று பக்தர்கள் பெருமையோடு சொல்வார்கள். முதல் முறை பார்ப்பவர்கள், உற்சவ மூர்த்தி இவ்வளவு உயரமா என்று திகைத்துப் போவார்கள்.

இவர் இங்கே வந்த கதையைச் செவிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பெரிய நடராஜர் திருமேனி செய்து தரும்படி மன்னர் ஸ்தபதிக்கு உத்தரவிட்டார். கெடுவும் வைத்தார். எத்தனை முறை வார்த்தும் சரியாக அமையவில்லை. ஒன்று உருவம் சிறிதாகிப் போகும். இல்லாவிட்டால் குறை விழும். கெடு நெருங்கிவிட்டது. உலையில் உலோகம் கொதிக்கிறது. ஸ்தபதியின் மனமும் கொதிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வயோதிகத் தம்பதி வந்து, 'தாகமாக இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கொடேன்' என்றார்கள். 'தண்ணீரா? இதோ உலையில் கொதிக்கிறதே, அதைக் குடியுங்கள்!' என்று எரிந்து விழுந்தார் ஸ்தபதி. அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்கள். குடித்த மாத்திரத்தில் அந்தப் பெரியவர் நடராஜராகவும், அம்மையார் சிவகாமியாகவும் சிலையாகி நின்றுவிட்டார்களாம்!

மன்னர் நம்பவில்லை. 'மனித உடம்பிலிருந்து வந்த சிலையா, பார்க்கலாம்' என்று உளியால் திருவடியில் தட்டினார், ரத்தம் கசிந்தது. அபசாரம் செய்த மன்னரை நோய் பற்றிக்கொண்டது. பிறகு இங்குள்ள வைத்தியநாதரிடமே சரணடைந்து குணமானார். நகமும், ரோமக்கால்களும், மச்சமும், உளி பட்ட தழும்பும் திருமேனியில் இருப்பதாகச் சொல்வார்கள். அபிஷேகத்தின்போது அருகிலிருந்து தரிசித்தவர்கள் அதைச் சொல்லும்போதே கண்கலங்கிவிடுவார்கள்.

நடராஜருக்கு ஆண்டில் ஆறே நாட்கள்தான் அபிஷேகம் என்பது தெரியும் அல்லவா? மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம், சித்திரைத் திருவோணம். மாசி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் சதுர்த்தசி. இதில் ஒரு நாள் வாய்த்தாலும் விட்டுவிடாதீர்கள்.

கதை கதையாகவே இருக்கட்டும். தாகம் என்று வாசலில் வந்து நின்றவர்கள் யார் என்று தெரியாமல் எரிந்து விழுந்த அந்த ஸ்தபதியை நினைத்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் நடுக்கம்தான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தால் நாம் என்ன குரலில் 'யாரு?' என்கிறோம்!

பழைய கல்லின் பேச்சு

மறுபடியும் மாதேவியாரிடம் வருவோம். அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது திருநல்லத்தில் இல்லை; காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிகாவில் இருக்கிறது.

பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் கட்டும்போது, அங்கங்கே பழைய கற்கள் கிடக்கின்றன. அவற்றிலே பல்லவர் காலத்திலிருந்தே யார் யாரோ கொடுத்த கொடைகள் எழுதியிருக்கின்றன. ஒருவர் பொன் கொடுத்திருப்பார். ஒருவர் நிலம் கொடுத்திருப்பார். இன்னொருவர் ஒரு விளக்கு. கொடுத்தவர்கள் மாண்டு பல காலம். அந்தக் கற்களை அஸ்திவாரத்துக்குள் தள்ளி மூடியிருந்தால், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. மாதேவியார் என்ன செய்தார்? அந்தப் பழைய எழுத்துகளையெல்லாம் படித்துப் பார்த்து, புதிய சுவரில் அப்படியே திரும்ப வெட்டச் சொன்னார். வெட்டும்போது, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறிப்பும் போட வைத்தார். அதாவது, இது என் கொடை அல்ல; பழைய கல்லில் இருந்ததன் நகல் என்று அர்த்தம்!

இன்றைக்குத் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுச் சுவரில் வழவழ டைல்ஸ் ஒட்டுவதையும், எழுத்தின் மேலேயே பெயின்ட் அடித்து உபயதாரர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுவதையும் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நம் பங்குக்கு நாமும் சும்மா இருப்பதில்லை. கோஷ்ட மூர்த்தியின் கீழே கல்லிலேயே அகல் ஏற்றி வைக்கிறோம். எண்ணெய் வழிந்து, கரி படிந்து, ஆயிரம் ஆண்டு எழுத்து அழிகிறது. கையில் மிஞ்சிய குங்குமத்தையும் விபூதியையும் தூணிலும் சுவரிலும் தேய்க்கிறோம். இனிமேல் வேண்டாம், சகோதரிகளே! விளக்கேற்றவென்று வைத்திருக்கும் மேடையிலேயே ஏற்றுங்கள்; மிஞ்சிய விபூதியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

அந்நாளில் விளக்கேற்றியவர்கள் எவ்வளவு கணக்காக ஏற்றினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்நிதியில் அல்லும் பகலும் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பார்கள். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடு போனாலும் குட்டி பிறந்து எண்ணிக்கை நிறைந்துவிடும் என்பதால், 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது! திருநல்லத்துக்கும் மாதேவியார் கோயிலைக் கட்டிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. நித்திய பூஜைக்கும், திருவமுதுக்கும், விளக்குக்கும், நந்தவனத்துக்கும் என்று நிலம் விட்டு, எது எதற்கு எவ்வளவு என்று நுணுக்கமாகப் பிரித்தும் கொடுத்திருக்கிறார். மாதச் சம்பளத்தைப் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, ஸ்கூல் ஃபீஸ் என்று கவர் கவராகப் பிரித்து வைக்கும் கைகளுக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும்.

மருமகள்கள் கொண்டாடிய பிறந்தநாள்

கல்வெட்டுகளில் மாதேவியாரை அறிமுகம் செய்யும் தொடர் அழகானது. உத்தம சோழ தேவரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்று எழுதுவார்கள். அந்த மகனின் ஆட்சி 985-ல் முடிந்து, ராஜராஜன் பட்டத்துக்கு வந்தான். ராஜராஜனுக்கு அவர் பெரிய பாட்டி. தாத்தா அரிஞ்சயரின் அண்ணன் மனைவி. மகனின் காலம் முடிந்ததே என்று அம்மையார் மூலையில் உட்காரவில்லை. 1001-ஆம் ஆண்டில்கூட, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரைக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்திருக்கிறார். வக்கிரகாளியைத் தரிசிக்கப் பௌர்ணமிதோறும் கூட்டம் கூடுகிறதே, அதே திருவக்கரைதான். உய்யக்கொண்டான் திருமலைக் கொடையிலிருந்து கணக்குப் போட்டால், அறுபது ஆண்டுகள்!

நாகப்பட்டினம் பக்கத்தில் செம்பியன் மாதேவி என்று ஓர் ஊரே இருக்கிறது. அம்மையார் பெயரால் ஏற்பட்ட ஊர் அது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலும் அவர் எடுப்பித்ததே. அந்தக் கோயிலில் இருக்கும் கல்வெட்டுகளை நம் வாசகிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சித்திரை மாதம் கேட்டை நட்சத்திரம் மாதேவியார் அவதரித்த நாள். அன்றைக்கு விசேஷ பூஜையும் அன்னதானமும் நடக்க வேண்டும் என்று நிவந்தம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? உத்தம சோழனின் தேவியர்! ஆமாம், மருமகள்கள். ஒருவர் அல்ல, பலர். மாமியார் உயிரோடு இருக்கும்போதே, மருமகள்கள் சேர்ந்து கோயிலில் பிறந்தநாள் கொண்டாட ஏற்பாடு செய்து, அதைக் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாமியார் மருமகள் என்றாலே டி.வி. சீரியல் நினைவுக்கு வரும் நமக்கு, இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பின்னர் ராஜேந்திர சோழன் காலத்தில், 1019-ஆம் ஆண்டில், அதே கோயிலில் அம்மையாரின் திருவுருவத்தையே எழுந்தருளச் செய்து, அதற்கான வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து ஃப்ரீயர் அருங்காட்சியகத்துக்கு 1929-ல் போய்ச் சேர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. நீண்ட கரமும், தாழ்ந்த பார்வையுமாக, அம்பாளா அரசியா என்று தெரியாதபடி நிற்கும் அந்தத் திருமேனி செம்பியன் மாதேவியாரே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

திருநல்லம் போக விரும்புகிறவர்கள் கும்பகோணத்திலிருந்து காரைக்கால் செல்லும் சாலையில் எஸ்.புதூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் சில கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். காலையிலேயே போய்விடுவது உத்தமம். வைத்தியநாதருக்கு அர்ச்சனைத் தட்டோடு, மறக்காமல் ஒரு சின்ன டார்ச் லைட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்டராதித்தர் பூஜை செய்யும் சிற்பத்தின் கீழே உள்ள எழுத்துகள் நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வரும்.